பள்ளி வாயிலிலிருந்து ஆலை வாயில்வரை

நுழையும்முன்

ஒரே தெருவில் பிறந்து, ஒரே பள்ளியில் பயின்று, ஒரே ஆண்டில் மேல்நிலைத் தேர்வெழுதிய இருவர், இருபத்தைந்து வயதில் வெவ்வேறு நிலைகளில் நிற்பதுண்டு. ஒருவர் தேர்ந்த தொழில்நுட்பராகத் திகழ்கிறார். மற்றவர் அன்றாடக் கூலிக்கு ஆளெடுக்கும் இடத்தில் விடியற்காலையில் வந்து காத்திருக்கிறார். ‘முன்னவர் உழைத்தார், பின்னவர் உழைக்கவில்லை’ என்று கூறி முடித்துவிடுவது எளிது. மனித வளர்ச்சியை ஆராய்ந்த அறிஞர்கள் இந்த எளிய விடையை ஏற்பதில்லை. வளரும் நாடொன்றில் இளையோரின் வாழ்வை உருவாக்கும் காரணிகள் யாவை, அவை ஒன்றோடொன்று எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அம்பத்தூரைக் களமாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

ஏரியூர் தொழிலூரான வரலாறு

சென்னைக்கு மேற்கே அமைந்த அம்பத்தூர், முன்னர் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர். 1856ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைவரை தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி ஓடியபோது, அதன் இருப்புப்பாதை இப்பகுதியின் வழியாகவே சென்றது. ஆயினும், ஊரின் முகத்தை மாற்றியது விடுதலைக்குப் பிந்தைய தொழில் வளர்ச்சியே ஆகும். 1949இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலையை அமைத்தது. 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அண்மையிலுள்ள ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதருமப் பாங்கிலான சமுதாயத்தை நாட்டின் இலக்காக அறிவித்தது. 1958இல் கிண்டியிலும் 1964இல் அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் தோன்றின. அக்காலத்தில் தொழில்துறை அமைச்சராக விளங்கிய ஆர். வெங்கட்ராமன் இம்முயற்சிகளுக்குத் துணைநின்றார். அறுபதுகளில் பாடியில் ஊர்தி உதிரிபாக ஆலைகளும் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் எழுந்தன. 2011இல் அம்பத்தூர், சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றது.

இன்று லேத் பட்டறை, வார்ப்பாலை, அச்சகம், ஆயத்த ஆடை நிறுவனம், தகவல் தொழில்நுட்ப வளாகம் எனப் பலவகைத் தொழில்கள் இங்கு நடைபெறுகின்றன. காலை வேளையில் ஓ.டி. பேருந்து நிலையத்திலும் பட்டரவாக்கம் தொடர்வண்டி நிலையத்திலும் பள்ளிச் சீருடை அணிந்தோரும் பணிச்சீருடை அணிந்தோரும் ஒரே கூட்டமாகக் கலந்து நடக்கின்றனர். பள்ளி வாயிலுக்கும் ஆலை வாயிலுக்கும் இடைப்பட்ட தொலைவு சில இடங்களில் கால்மணி நேர நடைதான். அத்தொலைவைச் சிலர் சில ஆண்டுகளில் கடந்து, திறன்மிக்க பணியில் அமர்ந்துவிடுகின்றனர். சிலரால் வாழ்நாள் முழுவதும் கடக்க இயல்வதில்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிவதே இளையோர் வளர்ச்சி குறித்த ஆய்வின் மையமாகும்.

மிதிவண்டி உணர்த்தும் உண்மை

பொருளியலுக்கான நோபல் பரிசை 1998இல் பெற்ற அமர்த்தியா சென், 1985இல் வெளிவந்த தம் நூலொன்றில் மிதிவண்டியை எடுத்துக்காட்டாகக் கையாண்டார். மிதிவண்டி ஒரு பொருள். அது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்ல உதவும் தன்மை உடையது. ஆனால், மிதிவண்டியைப் பெற்ற அனைவரும் அப்பயனைப் பெறுவர் எனக் கூற இயலாது. அதனை மிதிக்க உடல்வலிமை வேண்டும். ஓட்டக் கற்றிருக்க வேண்டும். பாதுகாப்பான சாலை வேண்டும். பெண்ணாயின் அவள் தனியே வெளியே செல்வதை வீடும் ஊரும் ஏற்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் மிதிவண்டி சுவரில் சாய்ந்தே நிற்கும். ஆகவே, ஒருவரிடம் என்ன உள்ளது என்பதைவிட, அதனைக்கொண்டு அவரால் என்ன செய்ய இயல்கிறது, எவராக வாழ இயல்கிறது என்பதே வளர்ச்சியின் அளவுகோல் என்பது சென்னின் கருத்தாகும்.

இச்சிந்தனையின் தாக்கத்தால், நாடுகளின் முன்னேற்றத்தை வருமானத்தால் மட்டும் அளக்கும் வழக்கம் மாறத் தொடங்கியது. பாகிசுதானைச் சேர்ந்த பொருளியல் அறிஞர் மஃபூப் உல் ஹக் முன்னின்று உருவாக்கிய மனித வளர்ச்சிக் குறியீட்டை ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் வெளியிட்டது. நெடுவாழ்வு, கல்வி, வாழ்க்கைத் தரம் ஆகிய மூன்றையும் அது இணைத்து அளக்கிறது.

தமிழ்நாட்டில் விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2001-2002ஆம் கல்வியாண்டில் பட்டியலின, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் மாணவர் அனைவருக்கும் விரிவாக்கப்பெற்றது. பதினொன்றாம் வகுப்பில் பெறும் அம்மிதிவண்டி, தொலைவிலுள்ள பள்ளியை அருகில் கொண்டுவந்தது. எனினும், அதனை இயக்கும் ஆற்றலும் இயக்குவதற்கான சூழலும் வாய்த்தால்தான் பயணம் நிறைவுறும். அவ்வாற்றலையும் சூழலையும் உருவாக்கும் காரணிகளை இனிக் காணலாம்.

உடல்நலமும் ஊட்டமும்

வளரிளம் பருவத்தில் உடல் விரைந்து வளர்கிறது. திட்டமிடல், உணர்ச்சியைக் கட்டுப்படுத்தல், விளைவை எண்ணிச் செயல்படல் ஆகியவற்றிற்குப் பொறுப்பான மூளையின் முன்பகுதி, இருபது வயதைக் கடந்த பின்னரும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. எனவே, இக்காலத்தில் ஏற்படும் ஊட்டக்குறை உடலோடு கற்றலையும் தாக்குகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதிற்குட்பட்ட பெண்களுள் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகை உள்ளவருக்கு விரைவில் களைப்பு ஏற்படும், கவனம் சிதறும். வகுப்பில் தலைகவிழ்ந்து அமரும் மாணவியைச் சோம்பல் உடையவள் எனக் கடிந்துகொள்வதற்குமுன் அவளது உடல்நிலையை அறிவது நன்று.

பசியோடு கல்வி நிலைக்காது என்பதைத் தமிழகம் முன்னரே உணர்ந்தது. 1920இல் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தொடங்கியது. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமும், 2022இல் தொடக்கப் பள்ளி மாணவர்க்கான காலை உணவுத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. ஆலைக்குச் செல்லும் பெற்றோர் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டிய அம்பத்தூர் போன்ற ஊர்களில், பள்ளியில் கிடைக்கும் காலை உணவு எத்துணை இன்றியமையாதது என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

குடும்பமும் வீடும்

அம்பத்தூரின் தொழில் வளர்ச்சி, தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்து மக்களை ஈர்த்தது. அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்கள் வருகின்றனர். இக்குடும்பங்களுள் பலவற்றில், உயர்கல்வியை எட்டும் முதல் தலைமுறையினர் இன்றைய மாணவர்களே ஆவர். விண்ணப்பம் எவ்வாறு நிரப்புவது, எப்பாடத்தைத் தெரிவுசெய்வது, கல்விக்கடன் எங்குப் பெறுவது என்பன போன்ற வினாக்களுக்கு வீட்டில் விடை கூற எவரும் இரார். பெற்றோர்க்கு அன்பு இல்லாமலில்லை. அவ்வழியில் அவர்கள் நடந்ததில்லை என்பதே காரணம்.

வாடகைக்குக் கிடைக்கும் ஒற்றை அறையில் ஐவர் வாழும் ஒண்டுக்குடித்தனத்தில், படிப்பதற்கென ஒரு மூலை கிடைப்பதும் அரிது. இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்கும் தந்தையும், மாலையில் வீடு திரும்பிச் சமைக்கும் தாயும், தேர்வுக்குப் படிக்கும் மகனும் ஒரே விளக்கின் கீழ் வாழ்கின்றனர். வளரிளம் பருவத்தினர்க்கு நாள்தோறும் எட்டு முதல் பத்து மணிநேர உறக்கம் தேவை என மருத்துவர்கள் கூறுவர். அத்தகைய வீட்டில் அது வாய்ப்பதில்லை. குடும்பத்தில் நிலவும் மதுப்பழக்கமும் வன்சொல்லும், கண்ணுக்குப் புலப்படாத காயங்களை இளம் உள்ளத்தில் ஏற்படுத்துகின்றன.

கல்வியும் பள்ளிச் சூழலும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 80 விழுக்காடாக இருந்தது. அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, 2021-22இல் உயர்கல்வி மொத்தச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 ஆகவும் தமிழ்நாட்டில் 47 ஆகவும் இருந்தது. இது பெருமைக்குரிய முன்னேற்றமாகும். எனினும், சேர்க்கை என்பது வாயிலுக்குள் நுழைவது மட்டுமே. உள்ளே நுழைந்தவர் என்ன கற்றார், கற்றதைக்கொண்டு என்ன செய்ய இயல்கிறது என்பது அடுத்த வினாவாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. பாடம் அனைவர்க்கும் ஒன்றே. ஆனால், அதனைக் காணும் கைப்பேசி அனைவர் வீட்டிலும் இல்லை. ஒரே கைப்பேசி இருந்த வீட்டில் அது தந்தையோடு பணிக்குச் சென்றது. தொற்றுக்காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய, தன்னார்வலர்கள்வழி மாணவர் வசிப்பிடத்திற்கே கல்வியைக் கொண்டுசெல்லும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டம் 2021இல் தொடங்கப்பெற்றது. கருவியும் வழிகாட்டும் மனிதரும் சேர்ந்தே கல்வியை முழுமையாக்குகின்றனர் என்பதை அக்காலம் உணர்த்தியது.

பாலினமும் சமூக நிலையும்

ஒரே வீட்டில் பிறந்த மகனுக்கும் மகளுக்கும் பள்ளி முடிந்த பின் கிடைக்கும் மாலைப்பொழுது ஒன்றன்று. மகன் விளையாட்டுத் திடலுக்குச் செல்கிறான். மகள் தண்ணீர் பிடிக்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். நாள்தோறும் இழக்கும் அந்த இரண்டு மணிநேரம் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான மணிநேரமாகத் திரள்கிறது. சாதிவழி வேறுபாடும் இவ்வாறே வாய்ப்புகளைச் சுருக்குகிறது. வாடகை வீடு கிடைப்பது முதல் நட்பு அமைவதுவரை அது மறைமுகமாகச் செயல்படுகிறது.

இதனை எதிர்கொள்ளச் சட்டமும் திட்டமும் துணைபுரிகின்றன. 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், பெண்ணுக்கு 18 வயது நிறைவுறுமுன் நடைபெறும் திருமணத்தைக் குற்றமாக்குகிறது. 2021 முதல் நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் நடைமுறையில் உள்ளது. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022இலும், மாணவர்க்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. ஆயிரம் ரூபாய் பெருந்தொகை அன்று. ஆயினும், ‘பயணச் செலவுக்கே வழியில்லை, படிப்பை நிறுத்திவிடலாம்’ என்னும் சொல் ஒரு வீட்டில் எழாமல் தடுக்க அது போதுமானதாக அமையலாம்.

வாழிடமும் சுற்றுச்சூழலும்

தொழில் வளர்ச்சி வேலையைத் தந்தது. அதற்கு ஒரு விலையும் இருந்தது. அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள் கழிவுநீராலும் ஆக்கிரமிப்பாலும் நலிவுற்றன. 2015ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னையைச் சூழ்ந்த பெருவெள்ளம் இப்பகுதிகளையும் தாக்கியது. வெள்ளம் வடிந்த பின், நனைந்த பாடநூல்களையும் சான்றிதழ்களையும் வெயிலில் உலர்த்துவது அவ்வாண்டு மாணவர் பலர்க்கு நேர்ந்த துயரமாகும்.

விளையாட்டுத் திடல், நூலகம், பூங்கா, பாதுகாப்பான நடைபாதை ஆகியன ஆடம்பரங்கள் அல்ல. அவை இளையோர் ஒன்றுகூடிக் கற்கும் இடங்கள். அவை இல்லாத பகுதியில் இளையோர் மாலைப்பொழுதைக் கழிக்கத் தெருமுனையும் கைப்பேசித் திரையுமே எஞ்சுகின்றன. போதைப்பொருளும் இணையச் சூதாட்டமும் அவர்களைத் தேடிவருவது அங்கேதான்.

தொழிற்பயிற்சியும் வேலையும்

அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தைப் போன்ற நிறுவனங்கள், பள்ளிக்கும் ஆலைக்கும் இடையே பாலமாக விளங்குகின்றன. பிட்டர் எனப்படும் பொருத்துநர், டர்னர் எனப்படும் கடைசலர், வெல்டர் எனப்படும் பற்றவைப்பாளர் முதலிய பணிகளை இத்தகைய நிலையங்களில் கற்றோர் பலர். கைத்திறனை இழிவாகக் கருதும் மனப்பான்மை, மதிப்பெண் குறைந்தவர்க்குரியதே தொழிற்கல்வி என்னும் தவறான எண்ணத்தை வளர்த்துள்ளது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிழையும் நேராதவாறு உலோகத்தைக் கடையும் திறன், எவ்வறிவிற்கும் தாழ்ந்ததன்று.

தெரிந்து தெளிவோம்: 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெற வழிவகுக்கிறது. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம், 14 முதல் 18 வயதிற்குட்பட்டோரை இடர்மிகு தொழில்களில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்கிறது. செருமனி நாட்டில், தொழில் பயிலும் இளையோர் வாரத்தின் சில நாள்களைத் தொழிற்பள்ளியிலும் எஞ்சிய நாள்களை நிறுவனத்திலும் கழிக்கும் இரட்டைப் பயிற்சி முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது.

பயிற்சி பெற்ற கைக்கு உரிய வேலையும் இருத்தல் வேண்டும். கணினிவழி இயங்கும் சி.என்.சி. இயந்திரங்கள் பட்டறைகளுக்குள் வந்துவிட்ட நிலையில், பழைய இயந்திரத்தில் மட்டும் பயின்றவர் பின்தங்குகிறார். இக்குறையை நீக்கத் தமிழ்நாட்டின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைத் தரமுயர்த்தும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. மற்றொருபுறம், நிரந்தரப் பணியிடங்கள் குறைந்து ஒப்பந்தப் பணி பெருகியுள்ளது. அடுத்த திங்கள் வேலை உண்டா என்பதை அறியாத இளைஞரால் மேற்படிப்பையோ திருமணத்தையோ திட்டமிட இயலாது. வேலை கிடைப்பதைப் போன்றே, அவ்வேலையின் தரமும் வளர்ச்சிக் காரணியாகும்.

பிணைந்த கண்ணிகள்

உளவியல் அறிஞர் யூரி பிரான்பென்பிரென்னர் 1979இல் வெளியிட்ட நூலில், வளரும் ஒருவரைச் சுற்றிச் சூழல்கள் ஒன்றனுள் ஒன்றாக அமைந்துள்ளன என விளக்கினார். வீடு, பள்ளி, நண்பர் ஆகியோர் முதல் வட்டம். பெற்றோரின் பணியிடம் போன்று, அவர் நேரில் கால்வைக்காத இடங்கள் அடுத்த வட்டம். சட்டம், பொருளாதாரம், பண்பாடு ஆகியன வெளிவட்டம். வெளிவட்டத்தில் நேரும் அசைவு உள்வட்டத்தை வந்தடைகிறது.

எடுத்துக்காட்டாக, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவள் தந்தை லேத் பட்டறையில் ஒப்பந்தப் பணியாளர். தொலைதூர நகரொன்றில் ஊர்தி விற்பனை குறைகிறது. பட்டறைக்கு வரும் உதிரிபாகப் பணி சுருங்குகிறது. தந்தையின் வேலை நிற்கிறது. வீட்டில் முதலில் குறைவது பாலும் முட்டையும். இரத்தசோகை மிகுகிறது, வகுப்பில் கவனம் குறைகிறது, மதிப்பெண் சரிகிறது. ‘படிப்பு ஏறவில்லை, ஆயத்த ஆடை நிறுவனத்திற்கு அனுப்பிவிடலாம்’ என்று வீட்டார் முடிவெடுக்கின்றனர். அவளும் தனக்குப் படிப்பு வரவில்லை என்றே நம்பத் தொடங்குகிறாள். ஊர்திச் சந்தையில் தொடங்கிய சரிவு, ஒரு சிறுமியின் தன்னம்பிக்கையில் வந்து முடிகிறது. இடையிலுள்ள கண்ணிகள் எவருக்கும் புலப்படுவதில்லை.

இச்சங்கிலியை எந்தக் கண்ணியிலும் அறுக்க இயலும் என்பதே நம்பிக்கை தரும் உண்மையாகும். பள்ளியில் கிடைக்கும் உணவும் இரும்புச்சத்து மாத்திரையும் ஒரு கண்ணியை அறுக்கும். அவள் வராத நாளில் வீடு தேடிச் செல்லும் ஆசிரியர் மற்றொரு கண்ணியை அறுப்பார். கல்வி உதவித்தொகையும், பாதுகாப்பான விடுதியும், அக்கறையுள்ள அண்டை வீட்டாரும் அவ்வாறே துணைநிற்பர். ஒரே காரணியால் எவரும் வீழ்வதில்லை. ஒரே உதவியால் எவரும் உயர்வதுமில்லை. பல துணைகள் உரிய காலத்தில் ஒருங்கே வாய்க்கும்போதே வளர்ச்சி நிகழ்கிறது.

இளையோரின் பங்கு

சூழலே அனைத்தையும் முடிவுசெய்கிறது எனக் கொள்வதும் பிழையாகும். இளையோர், சூழல் வனையும் களிமண் அல்லர். சூழலைத் திருப்பி வனையும் ஆற்றல் அவர்களுக்கு உண்டு. பகலில் பணிபுரிந்து மாலையில் பயில்வோரும், தம் தெருச் சிறுவர்க்குப் பாடம் கற்பிப்போரும், ஏரிக்கரையைத் தூய்மை செய்யத் திரள்வோரும் இதற்குச் சான்று. எனினும், முயற்சியைப் போற்றும் சமுதாயம், முயல்வதற்கான களத்தை அமைத்துத் தரும் கடமையை மறத்தல் கூடாது. தடைகளைத் தாண்டிய ஒருவரைக் காட்டி, தாண்ட இயலாத பலரைக் குறைகூறுவது அறமாகாது.

2011 கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 19 வயதிற்குட்பட்டோர் ஏறத்தாழ 25 கோடிப் பேர். இத்துணைப் பெரிய இளமை வளம் ஒரு நாட்டிற்கு மீண்டும் மீண்டும் வாய்ப்பதன்று. பிறப்பு விகிதம் குறையக் குறைய, முதியோரின் பங்கே பெருகும். நாடு செல்வம் அடையும்வரை இளையோர் காத்திருக்க இயலாது; பதினாறு வயது ஒருவருக்கு ஒருமுறைதான் வரும்.

அம்பத்தூரின் ஆலையில் ஒரு மிதிவண்டி உருவாகும்போது, சட்டகம், சக்கரம், சங்கிலி, தடை ஆகிய ஒவ்வொன்றும் சரிபார்க்கப்பட்ட பின்னரே வெளியே அனுப்பப்படுகிறது. ஓர் உறுப்புக் குறையுடையதாயின், மிதிப்பவரை எவரும் பழிப்பதில்லை. குறையைக் கண்டறிந்து சீர்செய்கின்றனர். இளையோரைப் பள்ளி வாயிலிலிருந்து வாழ்க்கைக்குள் அனுப்பும் சமுதாயமும் அப்பொறுப்பை ஏற்குமாயின், பள்ளி வாயிலுக்கும் ஆலை வாயிலுக்கும் இடைப்பட்ட அந்தக் கால்மணி நேரத் தொலைவை அனைவரும் கடப்பர்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, அவர் பள்ளி வாயிலிலிருந்து பணியிடம்வரை கடந்துவந்த வழியையும், அவருக்குத் துணைநின்றவற்றையும், தடையாக அமைந்தவற்றையும் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பாடத்தில் இடம்பெற்ற மாணவியின் சங்கிலியில் எக்கண்ணியை உங்கள் வகுப்பால் அறுக்க இயலும்? குழுவாகக் கலந்துரையாடி, செயல்திட்டம் ஒன்றை உருவாக்குக.